சத்து மாத்திரைகளும் நம் பொறுப்பும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவுக் கணக்கும் உங்கள் ஒப்புதலைப் பெற்றது. மார்க்க உரைக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில், சத்து மாத்திரைகளைப் பற்றிப் பேச விழைகின்றோம். பள்ளிவாசலில் பேச வேண்டிய பொருளா இது என்று சிலர் வியக்கலாம். நோயாளிகளை நலம் விசாரிக்க நம் மஹல்லாவின் இல்லங்களுக்குச் செல்லும்போது இரண்டு காட்சிகளை அடிக்கடி காண்கின்றோம். ஓர் அலமாரியில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய புரதப் பொடி டப்பாக்களும், நோனிச் சாறும், ஸ்பைருலினா மாத்திரைகளும் வரிசையாக நிற்கின்றன. அதே அலமாரியின் மூலையில், கர்ப்பிணி மருமகளுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. தேவையற்றதற்குப் பொருள் செலவாகிறது, தேவையானது வீணாகிறது. இவ்விரண்டும் மார்க்கத்தின் பார்வையில் கேள்விக்குரியவையே.

மார்க்கம் காட்டும் நெறி

உயிரைப் பாதுகாத்தல் ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களில் ஒன்று என்று நம் இமாம்கள் வகுத்துள்ளனர். உடல் நமக்குச் சொந்தமன்று, அது அமானிதம். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். உணவையே மருந்தாக்கும் வழியையும் காட்டியுள்ளார்கள். பார்லி மாவில் காய்ச்சும் ‘தல்பீனா’ என்னும் கஞ்சியை நோயாளிக்கும் துயருற்றோருக்கும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பரிந்துரைத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

எனினும், மருத்துவத்தை அறிந்தவரிடமே நாட வேண்டும் என்பதும் அந்நெறியின் பகுதியாகும். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு அவர்கள் பணிக்கப்பட்டார்கள். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பதும் நபிமொழியின் கருத்தாகும். ஒருவருக்கு ஒத்த மருந்து எல்லோருக்கும் ஒக்கும் என்று கண்ணை மூடிக் கொடுத்துவிடுவது முஸ்லிம் மருத்துவ மேதைகளின் வழக்கமாக இருந்ததில்லை. இப்னு ஸீனா (ரஹ்) தம் ‘அல்கானூன்’ நூலில், ஒரு மருந்தின் தன்மையைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகளை வகுத்துள்ளார். எனவே ஒரு பொருளை ‘மருந்து’ என்று சொல்லுமுன் சோதித்துப் பார்த்தல் நமக்குப் புதிய செய்தியன்று.

கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் பாடம்

சத்துக் குறைவே நோயாகும் என்பதும், அச்சத்தைக் கொடுத்தால் நோய் தீரும் என்பதும் எவ்வாறு கண்டறியப்பட்டன? அந்த வரலாற்றில் நம் சமுதாயப் பெண்களுக்கு ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் அதனை அறியோம்.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், 1928இல் மும்பைக்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர் பல வகுப்புப் பெண்களின் உணவையும் உடல்நிலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சத்துக் குறைந்த உணவை உண்டவர்களும், இரத்தசோகைக்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்பது தெரியவந்தது. சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நம் சகோதரிகளின் தட்டில் இருந்த வெறுமையே ஒரு பெரும் ஆராய்ச்சியின் தொடக்கமாயிற்று.

அப்பெண்கள் உண்ட அதே உணவை அவர் எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் சோகை கண்டது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுக்கப்பட்டவை தப்பின. பின்னர் குரங்குகளிலும் சோதித்தார். இந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதி, நமக்கு அருகிலுள்ள நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1929இல் நடைபெற்றது. 1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையின் ‘சாதி மற்றும் கோஷா மருத்துவமனை’யில் பணியாற்றினார். கோஷா முறையைப் பேணிய பெண்களும் வெளியே வந்து மருத்துவம் பெற வேண்டும் என்பதற்காகவே 1885இல் தோன்றிய மருத்துவமனை அது. இன்று திருவல்லிக்கேணியில் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் அதனை, மக்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர்.

‘மார்மைட்’ என்னும் மலிவான ஈஸ்ட் சாரத்தை உண்ட பெண்கள் தேறினர். 1931இல் வில்ஸ் அம்மையார் இதனை உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாரத்தில் இருந்து குணமளித்த பொருளின் பெயர் அப்போது எவருக்கும் தெரியாது. 1941இல் கீரையிலிருந்து ஒரு சத்து பிரித்தெடுக்கப்பட்டு ‘ஃபோலிக் அமிலம்’ எனப் பெயர் பெற்றது. 1945இல் அதனை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இத்துடன் வரலாறு முடிந்துவிடவில்லை. ஃபோலிக் அமிலம் இவ்வளவு நல்லதென்றால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கும் கொடுக்கலாமே என்று எண்ணினர். ஆனால் அச்சத்து அந்நோயை மேலும் வளர்ப்பதாகவே தோன்றியது. ஆகவே, அச்சத்தைத் தடுக்கும் மருந்தைச் சுப்பாராவின் குழுவினர் செய்தளிக்க, 1948இல் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அதனைக் கொண்டு அக்குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். கர்ப்பிணியின் உயிரைக் காத்த சத்து, வேறொரு நோயில் நோய்க்கே தீனியாயிற்று. சத்து என்பது எவருக்கும் எப்போதும் நன்மையே என்று எண்ணுவோர் இந்த ஒரு நிகழ்வை நினைவிற்கொண்டால் போதும்.

குறை உள்ளவருக்கே மருந்து

நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாஹ்வும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வொன்று 1990இல் வெளிவந்தது. பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ‘ஏ’ கொடுத்தனர்; மறு பிரிவினருக்கு அது கொடுக்கப்படவில்லை. வைட்டமின் ‘ஏ’ பெற்ற பிரிவில் குழந்தை இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. உணவில் அச்சத்து அரிதாயிருந்த ஏழைக் குழந்தைகளுக்கு, சில துளிகள் உயிர் காக்கும் மருந்தாயின.

ஆனால், உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளைக் கொண்டு, ஆறு மாதத்திற்கொருமுறை பெரிய அளவில் அதே வைட்டமினைக் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2013இல் வெளியானபோது, இறப்பில் 4 விழுக்காடே வேறுபாடு இருந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவே. ஓரிடத்தில், ஒரு காலத்தில் பெரும்பயன் தந்தது மற்றோரிடத்தில் அவ்வாறே தரும் என்று சொல்வதற்கில்லை. இதனால்தான் மருத்துவ உலகம் இவற்றை மீண்டும் மீண்டும் ஆராய்கிறது.

மிகுதி தீங்காவதும் உண்டு. ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். அதனை உண்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! புகைப்பதை விடாமல் சத்து மாத்திரையால் ஈடுகட்ட நினைப்போருக்கு இதில் படிப்பினை உண்டு.

நம் மத்தியில் மருத்துவர்கள் எழுதித்தரும் 60,000 அலகு வைட்டமின் ‘டி’ மருந்து பெரும்பாலும் வாரம் ஒருமுறை உண்ணத்தக்கது. அதனைத் தினமும் உண்டுவந்தால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதாகும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அவர்கள் சோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கி உண்டால், இரத்தம் தேறியதுபோல் காட்டும்; உள்ளே நரம்புகள் சேதமாகிக்கொண்டே இருக்கும். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாடும் சோகையாகவே தோன்றும். ஆனால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் அந்நோயாளிகளின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்கள் இச்சோதனையை மறக்கலாகாது.

ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே ஒரு சத்தை மருந்தாகக் கொள்ள வேண்டும். நம் உடலில் அந்தக் குறை உண்மையில் உண்டா? எவ்வளவு கொடுக்க வேண்டும்? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? இவற்றை மருத்துவர் சொல்லலாம். இரத்தப் பரிசோதனை சொல்லலாம். தொழுகை முடிந்து படிக்கட்டில் செருப்புத் தேடும்போது கையில் அட்டையைத் திணிக்கும் விற்பனையாளர் சொல்ல இயலாது.

விற்பனையும் நேர்மையும்

சங்கிலித் தொடர் முறையில் சத்துப் பொருள் விற்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல். ஹலாலான வணிகத்தை எவரும் தடுக்கவில்லை. ஆனால், ‘இதை உண்டால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று சொல்லி விற்பது பொய்யுரைத்தலாகும். அப்படிக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்களின் கால் புண்ணாகிப் பின்பு மருத்துவமனைக்கு ஓடுவதையும் நாம் கண்டுவருகின்றோம். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்துள்ளது. சத்துப் பொருட்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அவற்றின் டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு முறையையும் 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, நபி (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஈரத்தை மறைப்பதே குற்றமென்றால், நோயாளியிடம் உண்மையை மறைப்பது எத்தகைய குற்றம்!

‘மாத்திரைக் கூடு ஹலாலா?’ என்று பலர் நம்மிடம் கேட்கின்றனர். நல்ல கேள்வி. மென்மையான கூடுகள் பல, விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. சத்துப் பொருளின் டப்பாவில் உள்ள பச்சைக் குறியையும் பழுப்புக் குறியையும் பாருங்கள். தாவரக் கூட்டில் அடைத்தவையும் கடைகளில் கிடைக்கின்றன. மருத்துவர் அவசியமென எழுதித் தந்த மருந்தில் ஐயம் எழுந்தால், அதனை நீங்களாக நிறுத்திவிடாமல் முதலில் அவரிடம் மாற்று உண்டா எனக் கேளுங்கள். பின்பு ஆலிம்களிடம் வாருங்கள். கூட்டின் ஹலாலைக் கேட்கும் நாம், அதை விற்பதற்குச் சொல்லும் சொல்லின் ஹலாலையும் கேட்க வேண்டும்.

வீணாகும் மாத்திரைகள்

இனி, மூலையில் கிடக்கும் அந்த அட்டைகளுக்கு வருவோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இரண்டு பெண்களில் ஒருவர் என்று கொள்ளுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, எப்போதும் அசதி, முகவெளுப்பு ஆகியவற்றைச் ‘சோம்பல்’ என்று மாமியாரும் கணவரும் குறை கூறும் இல்லங்கள் உண்டு. அது சோம்பலாக இல்லாமல் சோகையாக இருக்கலாம். அத்தகைய பெண்ணுக்குப் பிரசவத்தில் சற்று இரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

இதற்காகவே அரசு, கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் சிவப்பு நிற மாத்திரைகளை வழங்குகிறது. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வளரிளம் பருவப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் வாரம் ஒரு நீலநிற மாத்திரை தரப்படுகிறது. இலவசமாகக் கிடைப்பதால் இவை தரமற்றவை என்று எண்ணுவது பேதைமை. லூசி வில்ஸ் தேடியலைந்த அதே சத்துத்தான் இந்தச் சிறு மாத்திரைக்குள் இருக்கிறது.

மலம் கறுக்கிறது, குமட்டுகிறது, மலச்சிக்கல் உண்டாகிறது என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுப்பது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். அப்போதும் தொல்லை தீராவிடில் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தேநீருடன் உண்ணாதீர்கள், தேநீர் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் அதற்குத் துணைசெய்யும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் உண்ண வேண்டும். ரமலானில் நோன்பு நோற்போர், நோன்பு திறந்து கஞ்சியும் தேநீரும் பருகிய உடனே உண்ணாமல், தராவீஹுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் அளித்துள்ள நோன்புச் சலுகையையும் குடும்பத்தார் மறந்துவிடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை: இம்மாத்திரைகள் மிட்டாய்போல் தோன்றும். சிறு குழந்தை ஒரே நேரத்தில் பலவற்றை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். எனவே எட்டாத உயரத்தில் வையுங்கள். மாத்திரை உண்கின்றோம் என்பதற்காக முருங்கைக் கீரையையும், கம்பையும், ஈரலையும், பயறு வகைகளையும் கைவிட வேண்டாம். சத்து மாத்திரை உணவின் குறையை நிரப்ப வந்தது. உணவின் இடத்தைப் பிடிக்க வந்ததன்று.

நிகாஹ் தஃப்தரும் நம் கடமையும்

இறுதியாக, நம் உரையின் நோக்கத்திற்கு வருகின்றோம். 1991இல் வெளிவந்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, ஏழு நாடுகளின் 33 மையங்களில் 1,817 பெண்களைக் கொண்டு நடைபெற்றது. முதுகுத்தண்டு பிளவுபட்ட குழந்தை போன்ற குறைப்பேறு முன்பு ஒருமுறை நேர்ந்த தாய்மார்கள் அவர்கள். கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடம், அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு தடுக்கப்பட்டது.

இதில் ‘முன்பிருந்தே’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்தக் காலம் கடந்துவிடுகிறது. இதனால்தான் கருவுற விழையும் பெண்கள் முன்கூட்டியே தினமும் 400 மைக்ரோகிராம் உண்ண வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

மருத்துவமனைக்குத் தாமதமாகத் தெரியவரும் செய்தி, யாருக்கு முன்கூட்டியே தெரியும்? ஜமாஅத்திற்குத் தெரியும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜமாஅத் கடிதம் கேட்டு நம் அலுவலகத்திற்கே முதலில் வருகின்றனர். நிகாஹ் தஃப்தரில் கையொப்பம் இடுமுன், மஹர் தொகையைக் கேட்கின்றோம். சாட்சிகளின் பெயரைக் கேட்கின்றோம். அப்பெண்ணின் உடல்நலத்தைக் குறித்து ஒரு சொல் நினைவூட்ட நமக்கு நேரம் இல்லையா?

எனவே நிர்வாகிகளின் பரிசீலனைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: ஜமாஅத் கடிதம் வழங்கும்போது, ஹீமோகுளோபின், தலசீமியா பரிசோதனைகளைச் செய்துகொள்ளவும், ஃபோலிக் அமிலம் குறித்து மருத்துவரிடம் கேட்டறியவும் அறிவுறுத்தும் சிறு தாளொன்றை இரு வீட்டாருக்கும் தர வேண்டும். இது நிபந்தனையன்று, நினைவூட்டல் மட்டுமே. பரிசோதனை முடிவைக் கேட்கும் உரிமை ஜமாஅத்திற்கு இல்லை. எந்தப் பெண்ணின் திருமணமும் இதனால் தடைபடலாகாது.

இரண்டு: பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள், வாரம் ஒருமுறை மாணவியருக்கு மாத்திரையை நினைவூட்ட வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்று: பள்ளிவாசல் வளாகத்திலும் அறிவிப்புப் பலகையிலும் எந்தச் சத்துப் பொருளின் விளம்பரத்திற்கும் இடம் தரலாகாது. மிம்பரின் கண்ணியம் விற்பனைக்குரியதன்று.

மும்பை ஆலைகளில் வாடிய அந்த ஏழைச் சகோதரிகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுடைய பசியிலிருந்து பிறந்த அறிவு உலகத் தாய்மார்களுக்கெல்லாம் பயன்படுகிறது. நூற்பாலைகள் சூழ்ந்த இந்த உடுமலையில், நம் வீட்டுப் பெண்களுக்கு அது பயன்படாமல் போய்விடக்கூடாது. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒவ்வொருவரும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிரிக்காத அட்டை இருந்தால், அதனை உங்கள் துணைவியிடமோ மருமகளிடமோ மகளிடமோ அன்போடு கொடுத்து, ஏன் உண்ணவில்லை என்று பரிவோடு கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஆஃபியத்தான உடலையும் பயன்தரும் கல்வியையும் தந்தருள்வாயாக! எங்கள் கர்ப்பிணிப் பெண்களுக்கு இலேசான பிரசவத்தையும், குறையற்ற ஸாலிஹான பிள்ளைகளையும் வழங்குவாயாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், வணிகம் செய்வோருக்கு நேர்மையையும் நல்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.